நூற்றுக்கு எத்தனை பேர், எந்த நூறு? மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைப் பெறுபேறுகளை வாசிக்கும் விதம்

11ஆம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியானதும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வழமையாக இரண்டு காரியங்கள் நடக்கும். பாடசாலை வாசலில் 9 ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ, எடுத்த பிள்ளைகளின் படங்களோடு பதாகை ஏறும். வட்ஸ்அப் குழுக்களில் கல்வி வலயங்களின் தரவரிசை சுற்றத் தொடங்கும். எந்த வலயம் முதலிடம், எது சறுக்கியது, எந்தப் பாடசாலை நூற்றுக்கு நூறு என்று ஒரு கிழமைக்குப் பேச்சு ஓயாது. அதே கிழமையில் இன்னொரு பேச்சும் காதில் விழும்: "ஊர்ப் பள்ளிக்கூடத்தில விட்டு என்ன பிரயோசனம், பிள்ளைய டவுனுக்குப் போடுங்க."

இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் ஒரே நூற்றுவீதம். அது எதை எதால் வகுத்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் ஒரு விடயம் வெளிக்கும்: சாதாரண தரப் பெறுபேறு என்று நாம் வாசிப்பதில் பெரும்பங்கு 11ஆம் தரத்தில் உருவானதல்ல. 6ஆம் தரத்துக்கும் 9ஆம் தரத்துக்கும் இடைப்பட்ட நான்கு வருடங்களில், யார் வகுப்புக்குள் வந்தார்கள், யார் சத்தமில்லாமல் வெளியேறினார்கள் என்பதில் அது ஏற்கெனவே பாதி முடிவாகிவிட்டது.

## சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

1. கனிஷ்ட இடைநிலை. 1 முதல் 5 வரை ஆரம்பப் பிரிவு. 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலை. 10, 11 சிரேஷ்ட இடைநிலை. அதற்கு மேல் உயர்தரம். இலங்கையில் 6–9 வகுப்புகளுக்கென்று தனிப் பாடசாலை அநேகமாக இல்லை. அந்த நான்கு வருடங்களும் 11 வரையோ 13 வரையோ ஓடும் பாடசாலையின் நடுக் கட்டடத்தில் கழிகின்றன. அதனால் அவற்றின் பெறுபேறு என்று எவரும் தனியே கேட்பதில்லை.

2. பாடசாலை வகை. 1ஏபி என்றால் விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர்தரம் உள்ள பாடசாலை. 1சி என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம் மட்டும். 2ஆம் வகை 11ஆம் தரத்தோடு நின்றுவிடும். 3ஆம் வகை ஆரம்பப் பிரிவோடு, அல்லது 8ஆம் தரம் வரை. ஒரு 1ஏபியையும் ஒரு 2ஆம் வகையையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைப்பது, வாய்க்கால் தலைப்பில் உள்ள வயலையும் மானாவாரி வயலையும் ஒரே நாளில் அறுத்து விளைச்சலை நிறுப்பது போன்றது.

3. தேசிய, மாகாணப் பாடசாலை. தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. ஏனையவை, 1987இன் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு, மாகாணத்தின் பொறுப்பு. மாகாணத்துக்குக் கீழே வலயம், வலயத்துக்குக் கீழே கோட்டம்.

4. உயர்தரத்துக்குத் தகுதி. செய்திகளில் வரும் நூற்றுவீதம் பெரும்பாலும் இதுதான். தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக 6 பாடங்களில் சித்தி, அவற்றில் 3 திறமைச் சித்தி (சி) அல்லது அதற்கு மேல். 9 பாடங்களிலும் தேற வேண்டும் என்பதில்லை. ஆனால் கணிதம் விழுந்தால், மற்ற எட்டில் எப்படிச் செய்திருந்தாலும் பிள்ளை இந்தக் கணக்குக்குள் வராது.

5. வருடம். 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. பெறுபேறு 2025 ஜூலையில் வந்தது. கொவிட்டுக்குப் பிறகு நாட்காட்டி நகர்ந்ததால் வந்த வினை. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடுபவர்கள் இந்த முத்திரையில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

## கிழக்கின் 74 சொல்வதும் சொல்லாததும்

அந்த 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையில் நாடு முழுவதற்கும் உயர்தரத் தகுதி 73.45 வீதம். கிழக்கு மாகாணத்துக்கு 74.26. தேசிய சராசரிக்குச் சற்று மேல். கிழக்கு எப்போதும் பின்தங்கியது என்று எழுதிப் பழகிய கைகளுக்கு இது சங்கடமான எண்.

ஆனால் இந்த எண்ணுக்குள் 17 வலயங்கள் இருக்கின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் 5: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு. அம்பாறை மாவட்டத்தில் 7: கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை, மகாஓயா, தெஹியத்தகண்டி. மிகுதி 5 திருகோணமலையில். கல்முனை போல வீட்டோடு வீடு ஒட்டிய கரையோர நகரமும், உன்னிச்சைப் பக்கம் போல யானை இறங்கும் எல்லைக் கிராமமும் இந்த ஒரே சராசரிக்குள் கரைந்துபோகின்றன. பிள்ளைத் தொகை கரையோரத்தில் செறிந்திருப்பதால், மாகாண வீதம் கரையோரத்தின் குரலில்தான் பேசும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையில் ஒருவருமே தேறாவிட்டாலும் அந்த எண்ணில் ஒரு நெளிவும் தெரியாது.

வலயம் என்ற அலகும் நேரானதல்ல. மட்டக்களப்பு மத்தி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆகிய மூன்று இடங்களின் முஸ்லிம் பாடசாலைகளைச் சேர்த்தது. வரைபடத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும். மட்டக்களப்பு மேற்கோ வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, கரடியனாறு என்று வாவிக்கு அப்பால் விரிந்த, பெரும்பாலும் தமிழர் வாழும் பரப்பு. ஒன்று பஸ் வசதியுள்ள நெருக்கமான நகரங்களின் தொகுப்பு. மற்றது மைல் கணக்கில் வயலும் குளமும். இரண்டையும் அருகருகே வைத்து "அவர்கள் முன்னேறிவிட்டார்கள், நாங்கள் விழுந்துவிட்டோம்" என்று இனக்கணக்குப் போடுவது வருடந்தோறும் நடக்கிறது. அந்த ஒப்பீட்டில் இனத்தைவிட அதிகம் பேசுவது பஸ்தான்.

## ஒரே வகுப்பு, மூன்று விடை

நூற்றுவீதம் எப்படி ஏமாற்றும் என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். படுவான்கரையில் 11ஆம் தரம் வரை உள்ள ஒரு பாடசாலை என்று வைத்துக்கொள்வோம்.

1. 5ஆம் தரத்தில் 46 பிள்ளைகள். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த 6 பேர் நகரப் பாடசாலைக்குப் போகிறார்கள்.
2. 6ஆம் தரத்தில் மிஞ்சுவது 40.
3. 11ஆம் தரப் பரீட்சைக்குத் தோற்றுவது 28. இடையில் 12 பேர் காணாமற் போய்விட்டார்கள்.
4. தகுதி பெறுவது 14.

பாடசாலை அறிவிக்கும் வீதம் 28இல் 14, அதாவது 50. ஆனால் 6ஆம் தரத்தில் கையேற்ற 40 பேரில் கணக்குப் பார்த்தால் 35. நகரம் போன 6 பேரும் அங்கே தேறினார்கள் என்றால், அந்த ஊரின் 46 பிள்ளைகளில் 20 பேர், கிட்டத்தட்ட 43. மூன்றும் உண்மை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை.

இன்னும் ஒன்று. அடுத்த வருடம் இதே அளவான இன்னொரு வகுப்பில் 24 பேர் மட்டும் தோற்றி 15 பேர் தேறினால் பதாகையில் 62.5 வீதம் ஏறும். பன்னிரண்டரைப் புள்ளிப் பாய்ச்சல். கையேற்ற 40க்குக் கணக்குப் பார்த்தால் 37.5. உண்மையில் கூடியது ஒரே ஒரு பிள்ளை. மீதிப் பாய்ச்சல் முழுவதும் பரீட்சை மண்டபத்துக்கு வராத நாலு பேர் தந்தது. பலவீனமான பிள்ளையைப் பரீட்சைக்கு விடாமல் வீதத்தைக் காப்பாற்றும் ஆசை ஏன் எழுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

நகரத்தின் பெரிய பாடசாலைக்கோ இதே 6 பேர் வரவு. ஒவ்வொரு ஊரிலிருந்தும் தேறிய பிள்ளைகளைச் சலித்து எடுத்துச் சேர்க்கும் பாடசாலை 95 வீதம் காட்டினால், அதில் எவ்வளவு கற்பித்தல், எவ்வளவு சல்லடை என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. நகரத்து ஆசிரியர்கள் உழைக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். உழைப்பை அளக்கும் கோல் இதுவல்ல, அவ்வளவுதான்.

## 6 முதல் 9: விளக்கு இல்லாத நடைபாதை

5ஆம் தரத்தில் தேசியப் பரீட்சை இருக்கிறது, 11இல் இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லை. தவணைப் பரீட்சைகள் நடக்கின்றன, உண்மைதான். ஆனால் வினாத்தாள் இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் வேறு. திருத்துவது அதே பாடசாலையின் ஆசிரியர். ஒரு பாடசாலையின் 60 புள்ளியும் இன்னொன்றின் 60 புள்ளியும் ஒன்றல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆய்வு மற்றும் மதிப்பீட்டு நிலையம் 8ஆம் தர மாணவரின் அடைவை 2012, 2014, 2016 ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் அளந்தது. அது மாதிரி எடுத்துச் செய்யும் ஆய்வு. மாகாணத்தைப் பற்றிச் சொல்லும். உங்கள் ஊர்ப் பாடசாலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்த இருட்டுக்குள் நான்கு காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன.

முதலாவது, சல்லடை. புலமைப்பரிசிலுக்குப் பிறகு ஊர் வகுப்பறை இழப்பது ஆறு பிள்ளைகளை மட்டுமல்ல. அந்த ஆறு பேரின் தாய் தகப்பன்மாரையும் இழக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பிள்ளை நகரத்துக்குப் போனதும் அவர்களின் கண்ணும் நகரத்துக்குப் போய்விடுகிறது. தங்கிய பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே "நாங்கள் பாஸ் பண்ணாத ஆக்கள்" என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பரீட்சையில் இரண்டு வினாத்தாளிலும் 35 அல்லது அதற்கு மேல் எடுத்த பிள்ளைக்கும் தேர்ச்சிச் சான்றிதழ் உண்டு, வெட்டுப்புள்ளி என்பது உதவிப்பணத்துக்கும் பிரபல பாடசாலை அனுமதிக்கும்தான் என்பதை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, தானாக நடக்கும் வகுப்பேற்றம். 9ஆம் தரம் வரை பிள்ளையை நிறுத்தி வைப்பது நடைமுறையில் அநேகமாக இல்லை. நிறுத்தி வைப்பதால் பிள்ளை படித்துவிடும் என்றும் இல்லை. அதனால் அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பின்தங்கிய பிள்ளையைத் தூக்கிவிடும் ஏற்பாடு கூடவே வர வேண்டும். வராதபோது, 6ஆம் தரத்துக்குத் தடுமாறி வாசித்தபடி வந்த பிள்ளை 9ஆம் தரத்திலும் அப்படியே இருக்கிறது. இடையில் பாடங்கள் மட்டும் மாறிவிட்டன: விஞ்ஞானம், வரலாறு, புவியியல் என்று எல்லாவற்றுக்கும் வாசிப்பு வேண்டும். கணிதத்தில் பின்னமும் சதவீதமும் விளங்காமல் அட்சரகணிதத்துக்குள் தள்ளப்பட்ட பிள்ளை, 11இல் கணிதம் விழுந்ததாகப் பதிவாகும். விழுந்தது 7ஆம் தரத்தில்.

மூன்றாவது, நேரசூசி. அதிபர்களின் கையில் இருக்கும் நல்ல கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் இயல்பாகவே 10, 11க்குப் போகிறார்கள். பெறுபேறு அங்கேதான் எண்ணப்படுகிறது. 6, 7க்குக் கிடைப்பது ஆள் மிஞ்சினால். வேறு பாடத்துக்கு நியமனம் பெற்றவர் கணிதம் எடுப்பது, ஆசிரியர் இடமாற்றமாகிப் போய் ஒரு தவணை முழுவதும் பாடவேளை வெறுமையாகப் போவது எல்லாம் இந்த வகுப்புகளில்தான். கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் இது இன்னும் கூர்மையானது. கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் ஆசிரியர் வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள எழுவான்கரைக்கு இடமாற்றம் கேட்பார். அதையும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இங்கே பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக 'பாதை'யில் ஏற வேண்டும். மட்டக்களப்பார் பாதை என்றால் அந்த இடத்தில் தெருவல்ல, வாவியைக் கடக்கும் மிதவை. பாலம் வந்ததும் ஆசிரியர் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து பகல் திரும்பலாம் என்றாயிற்று. கற்பித்தலுக்கு அது நன்மை. ஆனால் பாலத்தில் இரண்டு பக்கமும் போகலாம். வசதியுள்ள குடும்பம் புலமைப்பரிசில் இல்லாமலே 6ஆம் தரத்துக்குப் பிள்ளையை வாவிக்கு இந்தப் பக்கம் சேர்க்கவும் அதே பாலம்தான் வழி.

நான்காவது, மெல்ல நிகழும் இடைவிலகல். ஒருநாளில் யாரும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதில்லை. முதலில் திங்கள், வெள்ளி வராது. பிறகு பெரும்போக அறுவடைக் காலத்தில் இரண்டு கிழமை. பிறகு மாட்டுப் பட்டிக்கு, செங்கல் வாடிக்கு, தோணிக்கு, மேசன் வேலைக்கு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பொடியனுக்கு நாட்கூலி கிடைக்கும் வயது வருவதும் பாடம் விளங்காமற் போகும் வகுப்பு வருவதும் ஒரே காலம். கட்டாயக் கல்வி வயது 1998 முதல் 5–14 ஆக இருந்து, 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் இருக்கிறது. இடாப்பில் பெயரும் இருக்கிறது. பிள்ளை மட்டும் வயலில் இருக்கிறது.

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மழை. தாழ்ந்த வீதிகள் மூழ்கும், பாடசாலைக் கட்டடம் இடைத்தங்கல் முகாமாகும். 2024 நவம்பரில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையே நாடு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. உயர்தரம் நின்றால் செய்தி. 7ஆம் தரத்தின் கணிதப் பாடவேளை நின்றால் அது எந்தக் கணக்கிலும் வராது.

## வகுப்பறையில் இருப்பது யார்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் நூற்றுக்கு 72–73 பேரளவில் இலங்கைத் தமிழர், 25 பேரளவில் முஸ்லிம்கள். அம்பாறையில் முஸ்லிம்கள் 43, சிங்களவர் 39, தமிழர் 17 பேரளவில். மாவட்டம் கலப்பு. வகுப்பறை அப்படியல்ல. பெரும்பாலான பாடசாலைகளில் ஒரு வகுப்பில் ஒரே சமூகத்துப் பிள்ளைகள்தான். அதனால் ஒரு பாடசாலையின் "மாணவர் விபரம்" என்று இங்கே கேட்டால் இனவிகிதம் சொல்வதில் பெரிய பயன் இல்லை. வேறு சில கேள்விகள் பயன் தரும்.

1. ஆண், பெண். நாடு முழுவதும் மேல்வகுப்புகளில் பெண் பிள்ளைகளே கூடுதல். கலவன் பாடசாலையில் 6ஆம் தரத்தில் சரிபாதியாக இருந்த விகிதம் 11இல் சாய்ந்திருந்தால், பொடியன்மார் எங்கே போனார்கள் என்பதுதான் அந்தப் பாடசாலையின் பிரதான கேள்வி.

2. வீட்டில் யார். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போன வீடுகள் இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். மகளுக்கு வீடு கொடுத்துக் கூடவே வாழும் வழக்கம் கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருப்பதால், பிள்ளை அநேகமாக அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ தங்கும். சாப்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் அது பலம். 8ஆம் தரக் கணிதப் பயிற்சிப் புத்தகத்தில் கையொப்பம் வைக்க அம்மம்மாவுக்கு விருப்பம் உண்டு, வழி தெரியாது.

3. நாட்காட்டி. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கால விடுமுறையை ஒட்டித் தவணை நாட்கள் வேறாக அறிவிக்கப்படுகின்றன. ஆகவே கல்முனை, சம்மாந்துறை போன்று இரு சமூகப் பாடசாலைகளும் உள்ள வலயத்தில், ஒரே திகதியில் எடுத்த தவணைப் புள்ளிகளை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அதுவரை கற்பித்த நாட்கள் எத்தனை என்பதை முதலில் எண்ண வேண்டும்.

4. ரியூசன். நகரப் பாடசாலையின் பெறுபேற்றில் தனியார் வகுப்புகளின் பங்கு பதாகையில் போடப்படுவதில்லை. ரியூசன் கொட்டில் இல்லாத கிராமத்தின் 50 வீதம் முழுக்க முழுக்கப் பாடசாலையின் சம்பாத்தியம்.

## சிறிய வகுப்பின் பெரிய ஊசல்

18 பேர் தோற்றும் பாடசாலையில் ஒரு பிள்ளையின் பெறுமதி 5.6 வீதம். இந்த வருடம் 9 பேர் தேறி 50 வீதம். அடுத்த வருடம் பரீட்சைக் கிழமையில் ஒரு பிள்ளைக்கு டெங்கு, ஒரு வீட்டில் மரணம், இரண்டு பேர் குறைந்தால் 39. வலயக் கூட்டத்தில் அந்த அதிபர் 11 புள்ளி வீழ்ச்சிக்கு விளக்கம் சொல்ல வேண்டும். 250 பேர் தோற்றும் பாடசாலையில் இரண்டு பிள்ளை ஒரு வீதம்கூட இல்லை. தரவரிசைப் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய பாடசாலைகளே மாறி மாறி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். குறைந்தது மூன்று வருடத் தொகையைச் சேர்த்துப் பார்க்காமல் சிறிய பாடசாலையைப் புகழவும் கூடாது, திட்டவும் கூடாது.

## கேட்க வேண்டிய எண்கள்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் "எத்தனை 9 ஏ?" என்பதற்குப் பதிலாகக் கேட்கக்கூடியவை:

1. இந்த 11ஆம் தரம், 6ஆம் தரத்தில் இருந்தபோது எத்தனை பேர்? அவர்களில் விடுகைப் பத்திரம் வாங்கி வேறு பாடசாலை போனவர் எத்தனை, ஒன்றும் வாங்காமல் நின்றவர் எத்தனை? இந்த இரண்டையும் கலந்து "குறைவு" என்று ஒரே சொல்லில் சொல்வதை ஏற்கக் கூடாது.

2. 7ஆம், 8ஆம் தரங்களில் கணிதத்துக்குக் கடந்த வருடம் ஆசிரியர் இல்லாமல் போன கிழமைகள் எத்தனை?

3. 8ஆம், 9ஆம் தரங்களில் ஒரு தவணையில் 20 நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை, அவர்கள் எந்த மாதத்தில் வரவில்லை? மாதம் முக்கியம். அறுவடையில் வராத பிள்ளைக்கும் மழையில் வராத பிள்ளைக்கும் செய்ய வேண்டியது வேறு.

4. 6ஆம் தரத்துக்கு வந்த முதல் மாதத்தில், 5ஆம் தரத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தவர் எத்தனை பேர்? 9ஆம் தர முடிவில் அதே பிள்ளைகளில் எத்தனை பேர்?

முதல் மூன்றும் அனுமதிப் பதிவேட்டிலும் வரவு இடாப்பிலும் நேரசூசியிலும் ஏற்கெனவே எழுதிக் கிடக்கின்றன. அதிபர் அலுமாரியைத் திறந்தால் போதும். நாலாவதை எடுக்க ஒரு வகுப்புக்கு இரண்டு பாடவேளை போகும்.